அமெரிக்க ராணுவத்தில் இருந்துகொண்டே செக்யூரிட்டி கிளியரன்ஸ் வாங்குவது: படிவத்தைத் திறக்கும் முன்பிருந்து முடிவு வரும் வரை

ஆர்மி பட்டாலியனில் எஸ்-2 என்று ஓர் அறை இருக்கும். யாருக்கு எந்தக் கிளியரன்ஸ் (ரகசியத் தகவலைப் பார்க்கும் அனுமதி) இருக்கிறது, யாருடையது இழுத்துக்கொண்டிருக்கிறது என்ற கணக்கெல்லாம் அங்கேதான். அந்த அறையில் சில வருடம் வேலை பார்த்தேன். என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, கிளியரன்ஸுக்காக நிரப்ப வேண்டிய எஸ்.எஃப்.86 படிவத்தோடு மல்லுக்கட்டிய பிள்ளைகளை நிறையப் பார்த்தாயிற்று. அவர்களில் முக்கால்வாசிப் பேர் மாட்டிக்கொண்டதற்குக் காரணம் வாழ்க்கையில் செய்த பெரிய தப்பு எதுவும் இல்லை. கையில் ஒரு காகிதமும் வைத்துக்கொள்ளாமல் படிவத்தைத் திறந்தார்கள், ஞாபகத்தில் வந்ததை அடித்தார்கள், வெள்ளிக்கிழமைக்குள் முடித்தாக வேண்டும் என்று அனுப்பிவிட்டார்கள். அவ்வளவுதான்.

நம் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கூடுதலாக ஒரு வேலை இருக்கிறது. ஊரில் பாட்டி இருப்பார், அப்பா பெயரில் நிலம் இருக்கும், நமக்கே தெரியாமல் நம் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு இருக்கும். இவை எதுவும் கிளியரன்ஸைத் தானாகக் கெடுத்துவிடாது. ஆனால் எழுதாமல் விட்டால் கெடுக்கும். அதனால் எதை முதலில் செய்ய வேண்டும் என்ற வரிசையிலேயே சொல்கிறேன்.

1. நீங்களாக விண்ணப்பிக்க முடியாது, வேலைதான் கேட்க வேண்டும்

"எனக்கு ஒரு டாப் சீக்ரெட் வாங்கிக் கொடுங்கள்" என்று வந்து நிற்பவர்கள் எப்போதும் உண்டு. அப்படி வாங்க முடியாது. நீங்கள் பார்க்கும் வேலைக்கு ரகசியத் தகவல் தேவை என்றால்தான் யூனிட் உங்கள் பெயரில் விசாரணையைத் தொடங்கும். உளவுத் தகவல் ஆய்வாளர் வேலையான 35எஃப் போன்றவற்றுக்கு டாப் சீக்ரெட் வேண்டும். கணினி, தகவல் தொடர்பு வேலைகள் பலவற்றுக்கு சீக்ரெட் போதும். எனவே சேரும்போதே ஒப்பந்தத்தில் எந்த வேலை எழுதியிருக்கிறது, அதற்கு எந்த மட்டம் வேண்டும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கிளியரன்ஸ் வராவிட்டால் அந்த வேலை கை நழுவும். பிறகு எந்த வேலைக்கு மாற்றுவது என்பதை ராணுவம்தான் தீர்மானிக்கும்.

மட்டங்கள் மூன்று: கான்ஃபிடென்ஷியல், சீக்ரெட், டாப் சீக்ரெட். எஸ்.சி.ஐ என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது நான்காவது மட்டம் இல்லை, சில குறிப்பிட்ட தகவல்களைப் பார்ப்பதற்கான தனி அனுமதி.

யூனிட்டுக்குப் போன முதல் வாரத்திலேயே செக்யூரிட்டி மேனேஜர் யார் என்று கேட்டு நேரில் பார்த்துவிடுங்கள். படிவத்துக்கான அழைப்பை அனுப்புவதும், தப்பு இருந்தால் திருப்பிக் கொடுப்பதும், பின்னால் கடிதம் வந்தால் உங்களைக் கூப்பிடுவதும் அவர்தான். உங்கள் முகம் அவருக்குத் தெரிந்திருப்பது நல்லது.

2. குடியுரிமை முடியாமல் எதுவும் நகராது

கிரீன் கார்டு வைத்திருப்பவர் சிப்பாயாகச் சேரலாம். ஆனால் கிளியரன்ஸ் அமெரிக்கக் குடிமகனுக்கு மட்டும்தான். அதனால் கிரீன் கார்டோடு சேர்ந்தவர்கள் முதலில் முடிக்க வேண்டியது குடியுரிமை. ராணுவத்தில் இருப்பவர்களுக்கு என்-400 விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது. கூடவே என்-426 என்ற சேவைச் சான்றிதழ் வேண்டும், அதை யூனிட் தரப்பில் கையெழுத்திட்டுத் தர வேண்டும். அந்தக் கையெழுத்துக்காகக் காகிதம் மேசை மேசையாகச் சுற்றும். நீங்களே பின்னால் நடந்து வாங்குங்கள்.

குடிமகன் ஆன அன்றே அடுத்த வேலை பழைய பாஸ்போர்ட். இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின்படி வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவுடன் இந்தியக் குடியுரிமை போய்விடுகிறது. பாஸ்போர்ட்டை ஒப்படைத்து, அதற்குக் கிடைக்கும் சான்றிதழை நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். படிவத்தின் 10-ஆம் பிரிவில் வெளிநாட்டு பாஸ்போர்ட் பற்றிக் கேட்கும்போது எண்ணும் தேதியும் வேண்டியிருக்கும்.

ஓசிஐ (இந்தியாவின் வெளிநாட்டுக் குடியுரிமை) அட்டை வைத்திருந்தால் பதற வேண்டாம். பெயரில் குடியுரிமை என்று இருந்தாலும் இந்தியச் சட்டப்படி அது குடியுரிமை இல்லை, ஆயுட்கால விசா மாதிரி. ஆனால் அட்டை இருப்பதை மறைக்க வேண்டாம். அது என்ன, எப்போது, எதற்காக வாங்கினீர்கள் என்று விளக்கப் பெட்டியில் இரண்டு வரி எழுதிவிடுங்கள். விசாரிப்பவருக்கு அதைப் பற்றித் தெரிந்திருக்கும் என்று நீங்களாக நினைத்துக்கொள்ளக் கூடாது. இலங்கையைப் பொறுத்தவரை இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பித்துப் பெற வழி உண்டு. உங்களிடமோ உங்களுக்காக அப்பா அம்மா வாங்கியதோ இருந்தால் அதுவும் 10-ஆம் பிரிவில் வர வேண்டும்.

3. படிவத்தைத் திறக்கும் முன் ஒரு நோட்டுப் புத்தகம்

அழைப்பு மின்னஞ்சல் வந்தபின் நாள் அதிகம் தர மாட்டார்கள். ஈ-ஆப் என்ற இணையதளத்தில் படிவம் திறக்கும், யூனிட் ஒரு கெடு சொல்லும். எனவே கிளியரன்ஸ் வேண்டிய வேலை என்று தெரிந்த நாளிலேயே ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுத ஆரம்பியுங்கள். பேசிக் டிரெயினிங் போகும் முன் என்றால் இன்னும் நல்லது. அங்கே போனால் கையில் போன் இருக்காது, அம்மாவைக் கூப்பிட்டுத் தேதி கேட்கவும் முடியாது.

எழுத வேண்டியவை இவை. பத்து வருடம் குடியிருந்த முகவரிகள், மாதம் வருடத்தோடு. பத்து வருடம் பார்த்த வேலைகள், மேலதிகாரி பெயர், தொலைபேசி எண். படித்த இடங்கள். ஏழு வருட வெளிநாட்டுப் பயணங்கள். இளையவர்களுக்கு ஒரு சலுகை: குறைந்தது இரண்டு வருடக் கணக்கு வந்துவிட்டால், 18 வயதுக்கு முந்தைய முகவரிகளையும் வேலைகளையும் எழுத வேண்டியதில்லை.

வேலை இல்லாமல் சும்மா இருந்த மாதங்களும் வர வேண்டும். "வேலை இல்லை" என்பதும் ஒரு பதிவுதான். ஜூன் மாதம் ஒரு வேலை முடிந்து செப்டம்பரில் அடுத்தது தொடங்கியது என்றால், நடுவில் உள்ள இடைவெளியைப் படிவமே சிவப்பில் காட்டும். அதை மறைக்கப் பழைய வேலையின் தேதியை இழுத்து நீட்டுபவர்கள் உண்டு. பிறகு முதலாளியிடம் விசாரிக்கும்போது தேதி ஒத்துப்போகாது. மூன்று மாதம் வீட்டில் இருந்தது ஒன்றும் குற்றமில்லை, பொய்த் தேதி கொடுத்ததுதான் பிரச்சினையாகும்.

ஆண்கள் செலக்டிவ் சர்வீஸ் (கட்டாய ராணுவச் சேர்க்கை வந்தால் கூப்பிடுவதற்கான பட்டியல்) பதிவு எண்ணையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் வளர்ந்தவர்கள் விசா காலத்தில் பதிய வேண்டியதில்லை, ஆனால் 26 வயது ஆகும் முன் கிரீன் கார்டு வந்திருந்தால் பதிந்திருக்க வேண்டும். பதியாமல் விட்டிருந்தால் காரணத்தை எழுத இடம் இருக்கிறது.

4. கடன் கணக்கை முதலில் பாருங்கள்

இளம் சிப்பாய்களின் விண்ணப்பத்தில் நான் அடிக்கடி பார்த்த சிக்கல் கடன்தான். படிவம் நிரப்பும் முன் ஈக்விஃபேக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் என்ற கடன் பதிவு நிறுவனங்கள் மூன்றிலும் உங்கள் கிரெடிட் ரிப்போர்ட்டை இலவசமாக எடுங்கள். மூன்றும் வேண்டும், ஏனென்றால் ஒன்றில் இருப்பது இன்னொன்றில் இருக்காது. விசாரணையில் எப்படியும் இதை எடுத்துப் பார்ப்பார்கள். அவர்கள் பார்ப்பதை நீங்கள் முந்திப் பார்த்துவிட வேண்டும்.

26-ஆம் பிரிவு கேட்பது 120 நாளுக்கு மேல் கட்டாமல் விட்ட கடன், வசூல் நிறுவனத்துக்குப் போன கணக்கு, வரி தாக்கல் செய்யாத வருடம், திவால், சூதாட்டக் கடன் போன்றவை. ஒரு பையனுக்கு வசூலுக்குப் போன ஆஸ்பத்திரி பில் ஒன்று இருந்தது. அவனுக்கே தெரியாது. ரூம்மேட்டோடு இருந்த பழைய முகவரிக்குக் கடிதமெல்லாம் போயிருக்கிறது. படிவத்தில் "இல்லை" என்று அடித்துவிட்டான். தெரியாமல் செய்தது என்று நிரூபிக்கப் பட்ட பாட்டைப் பார்த்தபோது, அந்த ரிப்போர்ட்டை முன்பே எடுத்திருந்தால் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும் வேலை என்று தோன்றியது.

கடன் இருந்தால் முழுவதையும் உடனே அடைக்க வேண்டும் என்பதில்லை. கடன்காரரிடம் பேசி, மாதம் இவ்வளவு என்று எழுத்தில் வாங்கி, கட்டிய ரசீதுகளைச் சேர்த்து வையுங்கள். ராணுவத்தில் சேரும் முன் வாங்கிய கடன்களுக்கு படையினருக்குப் பாதுகாப்புத் தரும் எஸ்.சி.ஆர்.ஏ சட்டப்படி வட்டியை 6 சதவீதத்துக்குக் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம். பணியாணையின் நகலோடு எழுத்தில் கேட்க வேண்டும், அவர்களாகக் குறைக்க மாட்டார்கள். பேஸிலேயே இலவச நிதி ஆலோசகர் இருப்பார். அவரைப் பார்க்கக் கூச்சப்படாதீர்கள். அவரைப் பார்த்தேன், இதுதான் என் திட்டம் என்று விளக்கப் பெட்டியில் எழுத முடிந்தால் அது உங்களுக்குச் சாதகமாக நிற்கும்.

5. பெயரும் பிறந்த தேதியும்: நம் வீட்டுக்கே உரிய சிக்கல்

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயர் இனிஷியலாக ஒரு சான்றிதழில், விரித்து இன்னொன்றில், பாஸ்போர்ட்டில் முன்பின் மாறி, பழைய விசாவில் முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "பெயர் தெரியாது" என்று அச்சாகியிருக்கும். இத்தனையும் 5-ஆம் பிரிவில், அதாவது வேறு பெயர்கள் என்ற இடத்தில் போக வேண்டும். எந்த ஆவணத்தில், எந்தக் காலத்தில் அந்தப் பெயர் இருந்தது, ஏன் என்று எழுதுங்கள். "தமிழர்கள் அப்பா பெயரை இனிஷியலாக வைப்பார்கள், பாஸ்போர்ட்டில் அதை விரித்து எழுதினார்கள்" என்று ஒரே வரி போதும். எழுதாமல் விட்டால், இரண்டு பெயரில் இரண்டு ஆளா என்ற சந்தேகம் அவர்களுக்கு வருவதில் தப்பில்லை.

அப்பா அம்மா பிறந்த தேதி அடுத்தது. பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதி ஒன்று, ஜாதகத்தில் இருப்பது இன்னொன்று. படிவத்தில் பாஸ்போர்ட்டில் உள்ள தேதியைப் போடுங்கள், மற்றதை விளக்கத்தில் சொல்லுங்கள். சரியான தேதி யாருக்குமே தெரியாவிட்டால் உத்தேசம் என்று குறிக்க ஒரு பெட்டி இருக்கிறது, அதை டிக் செய்யுங்கள். டிக் செய்யாமல் ஊகத்தை உறுதியாக எழுதுவதுதான் தப்பு.

ஊர் முகவரியும் அப்படித்தான். பழைய எண் 14, புதிய எண் 31 என்று கதவில் இரண்டு எண் எழுதியிருக்கும் வீட்டுக்கு எதைப் போடுவது என்று ஒரு பெண் என்னிடம் கேட்டாள். ஆதாரிலோ மின் கட்டண ரசீதிலோ இப்போது எது இருக்கிறதோ அதைப் போடச் சொன்னேன். முக்கியமானது, படிவம் முழுக்க ஒரே மாதிரி எழுதுவது.

6. உறவுக்காரர்கள்: எந்தப் பிரிவில் யார்

இந்த இடத்தில் நிதானமாக இருங்கள். 18-ஆம் பிரிவு கேட்கும் உறவுகளுக்கு ஒரு பட்டியல் உண்டு: அப்பா, அம்மா, மாற்றாந்தாய், மாற்றாந்தந்தை, கூடப்பிறந்தவர்கள், பிள்ளைகள், மாமனார், மாமியார் போன்றவர்கள். இறந்துவிட்டவர்களும் வர வேண்டும். அமெரிக்காவுக்கு வெளியே பிறந்து இங்கே குடிமகனானவர் என்றால் அவருடைய குடியுரிமைச் சான்றிதழ் எண் கேட்கும். கிரீன் கார்டு என்றால் அந்த எண். அப்பாவிடம் போனில் கேட்டு எழுதாமல், ஆவணத்தையே புகைப்படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஒரு எண் மாறினாலும் படிவம் திரும்பி வரும்.

தாத்தா, பாட்டி, சித்தப்பா, பெரியம்மா, அத்தை, மாமா ஆகியோர் 18-இல் இல்லை. அதனால் அவர்களை எழுதவே வேண்டாம் என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். அங்கேதான் 19-ஆம் பிரிவு வருகிறது. கடந்த ஏழு வருடத்தில் நெருக்கமாகவோ தொடர்ச்சியாகவோ தொடர்பில் இருந்த, பாசத்தாலோ கடமையாலோ பொதுவான ஈடுபாட்டாலோ உங்களோடு கட்டுண்ட வெளிநாட்டவர் யார் என்று அது கேட்கிறது. ஞாயிறுதோறும் வாட்ஸ்அப்பில் அழைத்து "சாப்பிட்டியா கண்ணு" என்று கேட்கும் பாட்டி அதில் வருவார். கல்யாண வீட்டில் ஒரு தடவை பார்த்த தூரத்துச் சொந்தம் வர மாட்டார். இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்களைப் பற்றித்தான் யோசனை வேண்டும். சந்தேகமாக இருந்தால் எழுதிவிடுங்கள் என்பதே என் கருத்து. கூடுதலாக ஒரு சித்தப்பாவை எழுதியதால் யாருக்கும் கிளியரன்ஸ் போனதை நான் பார்த்ததில்லை.

கல்யாணம் ஆனவர்கள் கவனிக்க வேண்டும். 19-ஆம் பிரிவு உங்கள் மனைவி அல்லது கணவரின் தொடர்புகளையும் சேர்த்தே கேட்கிறது. சென்னையில் இருக்கும் மனைவியின் நெருங்கிய தோழி உங்கள் படிவத்தில் வரக்கூடும்.

ஒவ்வொருவருக்கும் என்ன வேலை, யாரிடம் வேலை, எவ்வளவு அடிக்கடி, எந்த வழியில் பேசுகிறீர்கள் என்று கேட்கும். அரசாங்க வேலையா என்ற கேள்விக்கு நம்மவர்கள் தடுமாறுவார்கள். மாமா மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பெரியப்பா அரசுப் பள்ளி ஆசிரியர். ஆம், இதுவும் அரசாங்கத் தொடர்புதான். துறையையும் பதவியையும் வெளிப்படையாக எழுதுங்கள். லைன்மேனுக்கும் உளவுத்துறை அதிகாரிக்கும் உள்ள வித்தியாசம் படிப்பவருக்குத் தெரியும், நீங்கள் எழுதினால்தான்.

இலங்கைக் குடும்பங்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். விடுதலைப் புலிகள் அமைப்பு 1997-இலிருந்து அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயங்கரவாத அமைப்புகள் பட்டியலில் இருக்கிறது. தமிழர் புனர்வாழ்வுக் கழகத்தை அமெரிக்க நிதித்துறை 2007-இல் தடை செய்தது. 29-ஆம் பிரிவு உங்கள் உறுப்பினர் தொடர்பை மட்டும் கேட்டு நிற்பதில்லை, அப்படிப்பட்ட செயல்களில் ஈடுபட்டவர்களோடு பழக்கம் உண்டா என்றும் கேட்கிறது. போர் நடந்த மண்ணிலிருந்து வந்த வீட்டில் இதற்கு எளிதான பதில் இருக்காது என்பது எனக்குப் புரிகிறது. தனியாக உட்கார்ந்து ஊகித்து எழுதாதீர்கள். முதலில் அப்பா அம்மாவோடு பேசுங்கள், பிறகு கிளியரன்ஸ் விவகாரம் தெரிந்த வக்கீலிடம் காட்டி, உண்மையை அதன் பின்னணியோடு எழுதுங்கள். இந்த ஒரு பதிலுக்கு வக்கீல் செலவு செய்வது தகும்.

7. ஊரில் இருக்கும் பணம், நிலம், அனுப்பும் பணம்

20-ஆம் பிரிவு மூன்று பகுதி. வெளிநாட்டில் உள்ள பணமும் சொத்தும், தொழில் மற்றும் அரசாங்கத் தொடர்புகள், பயணம்.

அப்பாவிடம் நேராகக் கேளுங்கள்: "என் பெயரில் ஊரில் ஏதாவது இருக்கிறதா?" வங்கிக் கணக்கு, வைப்பு நிதி, பட்டாவில் சேர்த்த பெயர், அடுக்குமாடி வீட்டில் பங்கு. பிள்ளைக்கு என்று ஆசையாகச் செய்து வைத்திருப்பார்கள், சொல்லியிருக்க மாட்டார்கள். இருந்தால் இன்றைய மதிப்பை டாலரில் எழுத வேண்டும். வெளிநாட்டுக் கணக்குகளின் மொத்தம் வருடத்தில் எந்த நாளிலாவது 10,000 டாலரைத் தாண்டியிருந்தால் எஃப்பார் என்ற அறிக்கையும் தாக்கல் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை என்றால் படிவம் அனுப்பும் முன் வரி ஆலோசகரைப் பார்த்துச் சரி செய்யுங்கள்.

எல்லோரும் மறப்பது இன்னொன்று. வெளிநாட்டவருக்குப் பண உதவி செய்திருக்கிறீர்களா என்று இந்தப் பிரிவு கேட்கிறது. பாட்டி மருந்துச் செலவுக்கு மாதம் நூறு டாலர் அனுப்புவது நமக்கு உதவி என்றே தோன்றாது, கடமை. படிவத்துக்கு அது பண உதவிதான். தொகை, எவ்வளவு அடிக்கடி, யாருக்கு என்று எழுதுங்கள்.

வெளிநாட்டுத் தேர்தலில் எப்போதாவது வாக்களித்தீர்களா என்றும் கேட்கும். பெரியவராகி இங்கே வந்தவர்கள் ஊரில் ஓட்டுப் போட்டிருப்பீர்கள். அப்போது அந்த நாட்டுக் குடிமகன், சட்டப்படி போட்டது, அப்படியே எழுதுங்கள். யாருடைய விசாவுக்காவது ஸ்பான்சர் செய்திருந்தால் அதுவும் வரும்.

பயணங்களுக்கு பாஸ்போர்ட் முத்திரைகளை மட்டும் நம்பாதீர்கள், விமான டிக்கெட் மின்னஞ்சல்களைத் தேடி எடுங்கள். நடுவில் துபாயிலோ தோஹாவிலோ வெளியே போய் ஓரிரவு தங்கியிருந்தால் அதையும் சேருங்கள்.

8. கஞ்சா, போலீஸ், மனநலம்

கஞ்சா உங்கள் மாநிலத்தில் சட்டபூர்வமாக இருக்கலாம், கூட்டாட்சிச் சட்டத்தில் இல்லை. 23-ஆம் பிரிவு கூட்டாட்சிச் சட்டப்படிதான் கேட்கிறது. கடந்த ஏழு வருடத்தில் பயன்படுத்தியிருந்தால் எழுதுங்கள். காலேஜில் இரண்டு தடவை இழுத்ததை ஒப்புக்கொண்டு, கடைசியாக எப்போது, இனிமேல் இல்லை என்று தெளிவாக எழுதியவர்கள் கிளியரன்ஸ் வாங்கிப் போனதைப் பார்த்திருக்கிறேன். "இல்லை" என்று எழுதி, பழைய ரூம்மேட் விசாரணையில் உண்மையைச் சொல்லி மாட்டியவர்களையும் பார்த்திருக்கிறேன். வேண்டுமென்றே பொய் எழுதுவது கூட்டாட்சிக் குற்றம், ஐந்து வருடம் வரை சிறை உண்டு.

சேர்ந்த நாளில் ரெக்ரூட்டர் முன்னால் நீங்கள் கையெழுத்திட்ட காகிதங்களில் என்ன சொன்னீர்கள் என்பதையும் ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். "இதையெல்லாம் போடாதே, சும்மா வேலையை இழுக்கும்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு அங்கே ஒன்று, இங்கே ஒன்று எழுதியிருந்தால் முரண்பாடு உங்கள் தலையில்தான் விழும். சொன்னவர் வந்து நிற்க மாட்டார். முன்பு தப்பாகச் சொல்லியிருந்தால் இப்போது சரியாக எழுதி, ஏன் மாறுகிறது என்றும் எழுதுங்கள்.

போலீஸ் பிரிவில் 300 டாலருக்குக் குறைவான போக்குவரத்து அபராதம், மது போதைப்பொருள் சம்பந்தம் இல்லாதது, வர வேண்டாம். ஆனால் கைது நடந்து வழக்கு தள்ளுபடியானாலும், நீதிமன்றம் பதிவை மூடி வைத்தாலும் எழுத வேண்டும். "வக்கீல் எல்லாம் அழிஞ்சு போச்சுன்னு சொன்னார்" என்பது இங்கே செல்லாது.

மனநலம் பற்றி நம் வீடுகளில் பயம் அதிகம். கவுன்சிலிங் போனால் கிளியரன்ஸ் போய்விடும் என்று நினைத்துத் தூக்கமில்லாமல் தவித்துக்கொண்டு இருப்பவர்களைப் பார்த்து எனக்கு மனம் வலித்திருக்கிறது. 21-ஆம் பிரிவு நீதிமன்ற உத்தரவு, மருத்துவமனையில் சேர்ந்தது, பெயர் சொல்லிக் குறிப்பிட்ட சில தீவிர நோய்கள், முடிவெடுக்கும் திறனைப் பெரிதாகப் பாதிக்கும் நிலை ஆகியவற்றைத்தான் கேட்கிறது. ஆலோசகரிடம் பேசப் போனது மட்டுமே மறுப்புக்குக் காரணம் ஆகாது. போக வேண்டும் என்றால் போங்கள்.

9. கையெழுத்துக்கு முன்

முடித்த அன்றே அனுப்பாதீர்கள். ஒரு இரவு விட்டு, மறுநாள் முதலிலிருந்து படியுங்கள். முகவரித் தேதிகள் வேலைத் தேதிகளோடு ஒத்துப்போகின்றனவா? டெக்சாஸில் வேலை, அதே மாதம் கலிபோர்னியாவில் வீடு என்று இருக்கிறதா?

16-ஆம் பிரிவில் கொடுக்கும் மூன்று பேர் உறவினராக இருக்கக் கூடாது, மூவரும் சேர்ந்து கடந்த ஏழு வருடத்தையாவது உங்களை அறிந்திருக்க வேண்டும். அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தெரியாத எண்ணிலிருந்து ஒருவர் கூப்பிட்டு உங்களைப் பற்றிக் கேட்டால் பாதிப் பேர் போனை வைத்துவிடுவார்கள்.

பிறகு மூன்று ஒப்புதல் படிவங்கள்: பொது, மருத்துவம், கிரெடிட். கையெழுத்திட்டு அனுப்பும் முன் முழுப் படிவத்தையும் பிடிஎஃப்பாக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த தடவை நிரப்பும்போதும், நேர்காணலுக்கு முந்தைய இரவிலும் அது வேண்டும். அனுப்பியபின் தப்பு கண்ணில் பட்டால் உடனே செக்யூரிட்டி மேனேஜரிடம் சொல்லுங்கள். அவர்கள் கண்டுபிடிக்கும் முன் நீங்களாகத் திருத்துவதற்கு மதிப்பு உண்டு என்று தீர்மானிப்பவர்களின் வழிகாட்டு விதியிலேயே இருக்கிறது. கைரேகையையும் யூனிட் சொல்லும் நாளில் தவறாமல் கொடுத்துவிடுங்கள், அது இல்லாமல் கோப்பு நகராது.

10. காத்திருப்பும் நேர்காணலும்

டிசிஎஸ்ஏ என்ற அமைப்புதான் விசாரித்து முடிவும் சொல்கிறது. நடுவில் இடைக்கால அனுமதி வரலாம். வராவிட்டால் அது மறுப்பு இல்லை. ஏதோ ஒன்றை ஆற அமரப் பார்க்க வேண்டியிருக்கிறது என்று மட்டும் அர்த்தம். வெளிநாட்டுச் சொந்தங்கள் உள்ளவர்களுக்கு இப்படித் தள்ளிப்போவது சகஜம்.

டாப் சீக்ரெட்டுக்கு விசாரணை அதிகாரி நேரில் பேசுவார். சீக்ரெட்டுக்கு ஏதாவது கேட்க வேண்டியிருந்தால்தான். அடையாள அட்டையைக் காட்டச் சொல்லுங்கள், அவரே காட்டுவார். பிடிஎஃப்பைப் படித்துவிட்டுப் போங்கள். கேட்டதற்கு முழுப் பதில், தெரியாததற்குத் தெரியாது. விட்டுப்போனது ஏதாவது இருந்தால் உட்கார்ந்தவுடன் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். உறவினர்கள் பற்றி நிறையக் கேட்டால் உங்கள் மேல் சந்தேகம் என்று நினைத்துக் கோபப்பட வேண்டாம். "அவர்களை வைத்து யாராவது உங்களை மிரட்டினால் என்ன செய்வீர்கள்" என்ற கேள்விக்கு முன்பே யோசித்து வையுங்கள். அதற்கு நேர்மையான பதில் "உடனே செக்யூரிட்டி மேனேஜரிடம் சொல்வேன்" என்பதே.

11. காரணம் கேட்டுக் கடிதம் வந்தால்

ஸ்டேட்மென்ட் ஆஃப் ரீசன்ஸ் என்று ஒரு கடிதம் வரலாம். அது இறுதி மறுப்பு இல்லை, "இன்னின்ன கவலைகள் இருக்கின்றன, பதில் சொல்லுங்கள்" என்பது. கெடு கடிதத்திலேயே இருக்கும். முதலில் கெடுவைப் பாருங்கள், போதாது என்றால் அது முடியும் முன் செக்யூரிட்டி மேனேஜர் வழியாக நீட்டிப்புக் கேளுங்கள். பதில் அனுப்பாமல் விட்டால் மறுப்பு உறுதி.

மொத்தம் 13 வழிகாட்டு விதிகள் உண்டு: நிதி, வெளிநாட்டுச் செல்வாக்கு, நடத்தை, மது என்று. ஒவ்வொன்றின் கீழும் கவலை எது, கவலையைத் தணிப்பது எது என்று அச்சிட்டே இருக்கிறது. கடிதத்தில் உள்ள ஒவ்வொரு பத்திக்கும் ஒப்புக்கொள்கிறேன் அல்லது மறுக்கிறேன் என்று எழுதி, தணிக்கும் காரணத்தை ஆவணத்தோடு வையுங்கள்: கட்டிய ரசீது, ஆலோசகர் கடிதம், கமாண்டர் கடிதம். உணர்ச்சியாக ஆறு பக்கம் எழுதி ஒரு ரசீதுகூட வைக்காதவர்களைப் பார்த்திருக்கிறேன். படிப்பவருக்கு வேண்டியது ரசீது. பேஸின் சட்ட உதவி அலுவலகத்தில் உடனே கேளுங்கள். மறுத்தாலும் மேல்முறையீடு உண்டு.

12. கிடைத்த பிறகு

எஸ்.எஃப்.312 என்ற ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு விளக்கம் கேட்ட பிறகுதான் அனுமதி நடைமுறைக்கு வரும். இப்போது தொடர் கண்காணிப்பு நடக்கிறது. முன்பு போல ஐந்து, பத்து வருடத்துக்கு ஒரு முறை என்று இல்லாமல் கைது, கடன் தவறு போன்றவை கணினி வழியாக உடனுக்குடன் தெரியவரும். எதுவானாலும் அவர்களுக்குத் தெரியும் முன் நீங்கள் சொல்லிவிட வேண்டும்.

கல்யாணம், புதிய வெளிநாட்டு நெருக்கம், பெரிய பணவரவு எல்லாம் தெரிவிக்க வேண்டியவைதான். ராணுவத்தை விட்டபின் வேறு அரசு வேலைக்கோ ஒப்பந்த நிறுவனத்துக்கோ போகும் எண்ணம் இருந்தால், 24 மாதத்துக்குள் போய்ச் சேருவது நல்லது. அதற்குமேல் ஆனால் பெரும்பாலும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

ஊருக்குப் போவதையும் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். லீவ் கையெழுத்து ஆகிவிட்டது என்பது போதாது, அது வேறு காகிதம். போகும் தேதி, தங்கும் முகவரி, பார்க்கும் ஆட்கள் என்று எழுதிக் கொடுத்து அனுமதி வாங்குங்கள். பாட்டி போய்விட்டார் என்று நடு ராத்திரியில் போன் வந்தால், படிவம் நிரப்ப நேரம் இருக்காது. அதற்கும் வழி இருக்கிறது: விமானம் ஏறும் முன் மேலதிகாரிக்கோ செக்யூரிட்டி மேனேஜருக்கோ போன் செய்து எங்கே, எதற்கு, எத்தனை நாள் என்று வாயால் சொல்லிவிடுங்கள். காரியம் முடித்துத் திரும்பிவந்து ஐந்து வேலை நாளுக்குள் முழு விவரத்தையும் எழுதிக் கொடுங்கள். அவருடைய எண்ணை இன்றைக்கே போனில் சேமித்து வையுங்கள்.